போர்தோவில் விசா கொடுத்த கான்சல்: அரிஸ்டீடஸ் டி சூசா மென்டிஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த சூசா மென்டிஸ்?

இரண்டாம் உலகப்போர் தொடங்கிய சமயத்தில் பிரான்சின் போர்தோ நகரில் போர்ச்சுகல் நாட்டின் கான்சலாக இருந்தவர். 1940 ஜூனில் ஹிட்லரின் படைக்குத் தப்பி ஓடிவந்தவர்களுக்கு, 'கொடுக்கக் கூடாது' என்று தன் அரசே சொல்லியிருந்தும் விசா எழுதிக் கொடுத்தார். அதற்காகப் பதவி போனது. கடன்பட்டு, ஊர் மறந்த ஆளாக 1954-இல் இறந்தார்.

பெயரைக் கேட்டதும் தூத்துக்குடி, நீர்கொழும்புப் பக்கத்து ஆட்கள் நினைவுக்கு வந்தால் அது இயல்புதான். நம் கடற்கரையில் வழங்கும் மென்டிஸ், டிசூசா எல்லாம் போர்ச்சுகீசியர் விட்டுப்போன குடும்பப் பெயர்கள். இவருக்கும் நமக்கும் வேறு தொடர்பு கிடையாது.

கான்சல் என்றால் தூதரா?

இல்லை. தூதர் தலைநகரில் இருப்பார். அரசோடு அரசாகப் பேசுவது அவர் வேலை. கான்சல் துறைமுக நகரங்களிலும் வணிக நகரங்களிலும் இருப்பார். பாஸ்போர்ட், விசா, கப்பல் காகிதங்கள், பிறப்பு இறப்புப் பதிவு, தன் நாட்டவருக்கு ஏதாவது சிக்கல் என்றால் உதவி, இவைதான் அவர் அன்றாடம். கொள்கை வகுக்கிற அதிகாரம் அவருக்குக் கிடையாது. அவரிடம் இருப்பது ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து, ஒரு பதிவேடு. போர்தோவில் நடந்தது முழுக்க இந்த மூன்றையும் வைத்து நடந்ததுதான்.

போர்தோவுக்கு முன் எங்கெல்லாம் இருந்தார்?

1885 ஜூலை 19-ஆம் தேதி, போர்ச்சுகலின் நடுப்பகுதியில் விசேயு நகருக்குத் தெற்கே உள்ள கபனாஸ் டி விரியாத்து என்ற ஊரில் பிறந்தார். அப்பா நீதிபதி, நிலபுலம் உள்ள கத்தோலிக்கக் குடும்பம், மன்னராட்சியை ஆதரித்தவர்கள். இவரும் இரட்டைப் பிறவியான செசாரும் கொயிம்ப்ராப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துவிட்டு, இருவருமே வெளியுறவுப் பணிக்குப் போனார்கள். செசார் 1932-இல் கொஞ்ச காலம் வெளியுறவு அமைச்சராகவும் இருந்தார்.

அரிஸ்டீடஸின் பயணம் பிரிட்டிஷ் கயானாவில் தொடங்கியது. பிறகு சான்சிபார், பிரேசில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ, மறுபடி பிரேசில், ஸ்பெயினின் வீகோ. 1929 முதல் 1938 வரை பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப். மாமன் மகளோ அத்தை மகளோ, உறவுக்குள்ளேயே ஆஞ்சலினா என்பவரைக் கட்டிக்கொண்டார். பதினான்கு பிள்ளைகள்! பெல்ஜியத்தில் இருந்தபோது குடும்பம் மொத்தமும் ஏறிப்போக ஒரு பெரிய வண்டியையே தனியாகச் செய்ய வைத்தார். வீட்டார் அதற்கு 'எர்மினியோஸ் மலை எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்திருந்தார்களாம்.

சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடந்த அதிகாரி, திடீரென்று ஒருநாள் மாறிவிட்டாரா?

அப்படித்தான் பலர் எழுதுகிறார்கள். கதைக்கு அது வசதி. பணிப் பதிவேட்டைப் பார்த்தால் ஆள் ஆரம்பத்திலிருந்தே மேலிடத்தோடு உரசிக்கொண்டு வந்தவர் என்று தெரிகிறது. மன்னராட்சிக்காரர் என்று 1919-இல் குடியரசு அரசு அவரைத் தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்தது. 1923-இல் சான் பிரான்சிஸ்கோவில், ஒரு தர்ம காரியத்துக்குப் பணம் தரவில்லை என்று அங்கிருந்த போர்ச்சுகீசியர் சிலரோடு பத்திரிகையில் சண்டைபோட்டார். அமெரிக்க அரசு அவருக்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தையே ரத்து செய்துவிட்டது.

போர்தோவிலும் 1940 ஜூனில் நடந்தது அவருடைய முதல் மீறல் அல்ல. 1939 நவம்பரில் ஆஸ்திரிய வரலாற்றாசிரியர் ஆர்னோல்ட் விஸ்னிட்சருக்கு அனுமதி வாங்காமல் விசா கொடுத்தார். மறு ஆண்டு வசந்தத்தில், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுப் பக்கம் நின்ற ஒரு மருத்துவருக்கும் அப்படியே. 'இன்னொரு முறை நடந்தால் ஒழுங்கு நடவடிக்கை' என்று அப்போதே எழுத்தில் எச்சரிக்கை வந்தாயிற்று. ஆக, ஜூனில் கையெழுத்துப் போட உட்கார்ந்தபோது என்ன நடக்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

14-ஆம் எண் சுற்றறிக்கை என்று சொல்கிறார்களே, அது என்ன?

அப்போது போர்ச்சுகலை ஆண்டவர் சலசார். கோவாவை விடமாட்டேன் என்று 1961 வரை பிடிவாதமாக நின்றாரே, அதே சலசார்தான். 1932 முதல் பிரதமர். 1936 முதல் வெளியுறவுத் துறையையும் தானே வைத்துக்கொண்டார். போரில் எந்தப் பக்கமும் சாராமல் இருப்பது அவருடைய முடிவு. ஹிட்லரையோ பக்கத்து ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவையோ சீண்டிவிடக் கூடாது என்ற பயமும் இருந்தது.

1939 நவம்பர் 11-ஆம் தேதி எல்லா கான்சல்களுக்கும் ஒரு சுற்றறிக்கை போனது. தலைநகர் லிஸ்பனைக் கேட்காமல் இவர்களுக்கு விசா கொடுக்கக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல்: நாடற்றவர்கள், குடியுரிமை தெளிவில்லாதவர்கள், ரஷ்யர்கள், வந்த நாட்டுக்குத் திரும்பிப் போக முடியாதவர்கள், சொந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள். அதாவது, யாருக்கெல்லாம் விசா உயிர்ப் பிரச்சினையோ அவர்களுக்கெல்லாம் கிடையாது. கேட்டு எழுதினால் பதில் வர நாளாகும். பெரும்பாலும் 'முடியாது' என்றுதான் வரும்.

1940 ஜூனில் எல்லோரும் ஏன் போர்தோவுக்கு வந்தார்கள்? போர்ச்சுகல் விசாவுக்கு ஏன் அவ்வளவு அடிபிடி?

மே 10-ஆம் தேதி ஜெர்மனி மேற்கே பாய்ந்தது. ஜூன் 14-இல் பாரிஸ் விழுந்தது. பிரெஞ்சு அரசே மூட்டை கட்டிக்கொண்டு போர்தோவுக்கு ஓடிவந்தது. பின்னாலேயே பெல்ஜியம், ஹாலந்து, வட பிரான்ஸ் மக்கள். அவர்களில் ஏற்கெனவே ஜெர்மனி, ஆஸ்திரியா, போலந்திலிருந்து தப்பிவந்த யூதர்களும் நிறைய. கார்களில் படுத்தார்கள், பூங்காக்களில் படுத்தார்கள்.

இப்போது காகித விவகாரத்துக்கு வருவோம். இதைப் புரிந்துகொண்டால்தான் அவர் செய்ததன் எடை தெரியும். தரைவழியாகத் தப்பிக்க இருந்த வழி ஸ்பெயின். ஸ்பெயின் அகதிகளைத் தங்க விடாது. ஆனால் 'உங்கள் நாட்டைக் கடந்து போகிறேன்' என்றால் அதற்கு மட்டும் விசா கொடுக்கும். கடந்து எங்கே போகிறாய் என்று கேட்பான். அதற்குப் போர்ச்சுகல் விசாவைக் காட்ட வேண்டும். போர்ச்சுகலோ, 'இங்கிருந்து அமெரிக்காவுக்கோ பிரேசிலுக்கோ போக விசாவும் கப்பல் டிக்கெட்டும் காட்டு' என்று கேட்கும். ஒவ்வொரு காகிதமும் அடுத்த காகிதத்தின் தோளில் நின்றது. ஒன்று இல்லையென்றால் எதுவும் இல்லை. ஜெர்மன் படை வந்துகொண்டிருக்கும்போது அகதி முகாமில் இருக்கிறவன் நியூயார்க் கப்பல் டிக்கெட்டுக்கு எங்கே போவான்?

சூசா மென்டிஸ் இந்தச் சங்கிலியின் நடுக் கண்ணியைத் தளர்த்திவிட்டார். போகிற நாடு எது, கப்பல் எது, நீ யார் என்ற கேள்விகளைக் கேட்காமல் போர்ச்சுகல் விசாவைக் குத்தினார். அதைக் காட்டி ஸ்பெயின் விசா வாங்கினார்கள், எல்லை தாண்டினார்கள்.

ரப்பி க்ரூகர் யார்? அந்த மூன்று நாளில் என்ன நடந்தது?

கான்சலின் அலுவலகமும் வீடும் ஒரே இடம்: காரோன் ஆற்றங்கரையில் பதினெட்டாம் லூயி துறைத்தெரு, 14-ஆம் எண். யூத ஆலயத்தின் பக்கம் சூசா மென்டிஸ் ஒரு ரப்பியை, அதாவது யூத மதகுருவை, சந்தித்தார். சைம் க்ரூகர், போலந்துக்காரர், பெல்ஜியத்திலிருந்து மனைவி, ஐந்து குழந்தைகளோடு ஓடிவந்தவர். வீட்டுக்குக் கூட்டிவந்து தங்கவைத்தார். 'உங்கள் குடும்பத்துக்கு விசா தருகிறேன்' என்றார். க்ரூகர் ஒத்துக்கொள்ளவில்லை. வெளியே இத்தனை பேர் நிற்கும்போது நான் மட்டும் எப்படிப் போவேன் என்றார்.

அதற்குப் பிறகு கான்சல் படுத்துவிட்டார். காய்ச்சலா, மனம் தாங்காமல் விழுந்ததா என்று சொல்ல முடியாது. அந்த நாட்களில் அவர் எழுதிய கடிதம் ஒன்றில், நிலைமையைப் பார்த்து நரம்புத் தளர்ச்சி வந்து படுத்திருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறார். சுமார் மூன்று நாள் அறையை விட்டு வரவில்லை. ஜூன் 17-ஆம் தேதி காலை கதவைத் திறந்துகொண்டு வந்து, இனம், மதம், நாடு எதுவும் பார்க்காமல் எல்லோருக்கும் விசா உண்டு என்றார். அன்றுதான் பிரான்சின் புதிய பிரதமர் பெத்தான் சண்டையை நிறுத்தச் சொல்லி வானொலியில் பேசினார்.

அறைக்குள் என்ன யோசித்தார் என்பதற்குச் சாட்சி இல்லை. கடவுளின் குரல் கேட்டது, தலைமுடி நரைத்தது என்றெல்லாம் பின்னாளில் சொல்லப்பட்டவற்றை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அவர் கடும் பக்தர் என்பதும், கத்தோலிக்க மனசாட்சியைக் காரணமாகச் சொன்னார் என்பதும் உண்மை.

நாள் முழுக்க விசா கொடுப்பது என்றால் எப்படி நடந்தது?

வீட்டையே தொழிற்கூடமாக்கிவிட்டார்கள். க்ரூகர் வெளியே போய்க் கூட்டத்தில் பாஸ்போர்ட்டுகளை அள்ளிக்கொண்டு வருவார். கான்சலின் மகன்களும் செயலர் சேப்ராவும் முத்திரை குத்துவார்கள். இவர் கையெழுத்துப் போடுவார். முதலில் முழுப்பெயரைப் போட்டவர், நேரம் போதாமல் வெறும் 'மென்டிஸ்' என்று கிறுக்க ஆரம்பித்தார். கட்டணத்தை விட்டுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பதிவேட்டில் பெயர் எழுதுவதையும் விட்டார்கள். மாடிப்படி முழுக்க ஆள்; நாற்காலியில், தரையில் தூங்கினார்கள். வரிசையில் இடம் போய்விடுமோ என்று சாப்பிடக்கூட எழுந்து போகாதவர்கள் இருந்தார்கள்.

சேப்ராவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. விதிமீறல் என்று சொல்லிக்கொண்டேதான் வேலை பார்த்தார். அவர் இடத்தில் நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் இருந்திருப்போம் என்று எனக்குத் தோன்றும்.

போர்தோவோடு நின்றுவிட்டதா?

இல்லை. துலூஸ் நகரத்துத் துணைக் கான்சலுக்கும் விசா கொடுக்கச் சொன்னார். பிறகு தானே ஸ்பெயின் எல்லையை ஒட்டிய பயோனுக்குப் போனார். அங்கிருந்த கான்சல் விதிப்படி நடந்துகொண்டிருந்தார், வெளியே பெருங்கூட்டம். 'நான் உங்களுக்கு மேலதிகாரி' என்று சொல்லி அங்கேயும் முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டார். அதற்கடுத்து எல்லை ஊரான ஆந்தாயில் தெருவிலேயே கையெழுத்துப் போட்டதாகச் சொல்கிறார்கள்.

லிஸ்பனுக்குச் செய்தி எட்டியது. ஸ்பெயினில் போர்ச்சுகல் தூதராக இருந்த தெயோத்தோனியோ பெரெய்ரா எல்லைக்கே வந்துவிட்டார். இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது, இவர் கொடுத்த விசாக்கள் செல்லாது என்று ஸ்பெயின் அதிகாரிகளிடம் சொன்னார். ஜூன் 24-ஐ ஒட்டி சலசார் இவருடைய விசா அதிகாரத்தைப் பறித்தார்.

அந்தக் கடைசி நேரத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. பெரிய சாவடி மூடியதும், தொலைபேசி இல்லாத ஒரு சின்ன எல்லைச் சாவடிக்கு அகதிகளின் கார்களைத் தன் காரின் பின்னால் வரச்சொல்லிக் கூட்டிப்போனாராம். மாட்ரிடின் தடை உத்தரவு அங்கே இன்னும் வந்து சேரவில்லை, காவலர்கள் விட்டுவிட்டார்கள். ஆவணம் கிடையாது, நினைவிலிருந்து சொல்லப்பட்டதுதான்.

30,000 பேரைக் காப்பாற்றினார் என்பது சரியா?

எங்கே பார்த்தாலும் வரும் எண் இதுதான்: 30,000 விசா, அதில் 10,000 யூதர்கள். இதற்குப் பதிவேட்டு ஆதாரம் கிடையாது. யூத இனப்படுகொலைக்கான இஸ்ரேலின் நினைவு நிறுவனமான யாத் வஷேமின் வரலாற்றாசிரியர் அவ்ராஹாம் மில்கிராம் போர்தோ பதிவேட்டை எண்ணிப் பார்த்தார். 1940 ஜனவரி 1 முதல் ஜூன் 22 வரை அதில் 2,862 விசாக்கள். அதில் 1,575 கடைசிச் சில நாட்களில் கொடுக்கப்பட்டவை.

மறுபக்கத்து வாதமும் வலுவானது. ஒரு விசாவில் ஒரு குடும்பமே போயிருக்கும். பயோன், ஆந்தாய், துலூஸ் கணக்கு இந்தப் பதிவேட்டில் இல்லை. கடைசியில் பெயர் எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள். ஆகவே பதிவேட்டு எண் குறைந்தபட்சம். 30,000 என்பது கைக்கு வந்த முழு எண். உண்மை நடுவில் எங்கோ இருக்கிறது. 'சில ஆயிரம் பேர்' என்று எழுதினால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஹோலோகாஸ்ட் (யூத இனப்படுகொலை) வரலாற்றாசிரியர் யெஹுதா பாவர், தனி ஒருவர் செய்த மீட்புகளில் மிகப்பெரியது இதுவாக இருக்கலாம் என்று எழுதியதை மேற்கோள் காட்டுபவர்கள், அந்த 'இருக்கலாம்' என்பதை விட்டுவிடுகிறார்கள்.

யாரெல்லாம் இவர் விசாவில் தப்பினார்கள்?

ஆஸ்திரியாவின் பழைய அரச வாரிசு ஓட்டோ வான் ஹாப்ஸ்பர்க். அவரை ஹிட்லர் வலைவீசித் தேடிக்கொண்டிருந்தார். ஓவியர் சல்வடோர் டாலி, அவர் மனைவி காலா. பெரும் வங்கிக் குடும்பமான ரோத்ஸ்சைல்ட் குடும்பத்தினர் சிலர். பட்டியலில் இவர்கள் பெயரைத்தான் முதலில் போடுவார்கள். ஆனால் டாலிக்கும் ரோத்ஸ்சைல்டுக்கும் வேறு கதவும் திறந்திருக்கும். தையல்காரர், வைரம் அறுப்பவர், பள்ளி ஆசிரியர் என்று வந்த மற்றவர்களுக்குத்தான் வேறு வழியே இல்லை.

பணம் வாங்கிக்கொண்டு விசா கொடுத்தார் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டே?

உண்டு. லிஸ்பனில் இருந்த பிரிட்டிஷ் தூதரகம் 1940 ஜூன் 20-ஆம் தேதி ஒரு புகார் அனுப்பியது. அலுவலக நேரம் முடிந்த பிறகே வேலை பார்த்துக் கூடுதல் கட்டணம் கேட்கிறார், ஒரு தர்ம நிதிக்கும் பணம் கேட்கிறார் என்று. தர்மத்துக்குப் பணம் கேட்கிற பழக்கம் அவரிடம் இருந்தது சான் பிரான்சிஸ்கோ கதையிலேயே தெரிகிறது. வரிசையில் காத்திருக்கப் பிடிக்காத வசதியான ஆங்கிலேயர் சிலர் கடுப்பாகியிருக்கலாம். சொந்தப் பைக்கு லஞ்சம் வாங்கினார் என்று எதுவும் நிரூபிக்கப்படவில்லை. வாங்கியிருந்தால் அவருடைய பிந்தைய வாழ்க்கை அப்படிப் போயிருக்காது.

என்ன தண்டனை கொடுத்தார்கள்?

ஜூலையில் ஊர் திரும்பினார். ஒழுங்கு விசாரணை தொடங்கியது. ஆகஸ்டில் எழுதிக் கொடுத்த பதிலில் அவர் எதையும் மறைக்கவில்லை. அந்த மக்களைக் காப்பாற்றுவதுதான் என் நோக்கம், அவர்கள் பட்ட துயரத்தைச் சொல்லில் அடக்க முடியாது என்ற பொருளில் எழுதினார். விசாரணைக் குழு ஒரு படி பதவியிறக்கம் போதும் என்றது. சலசாருக்கு அது போதவில்லை. 1940 அக்டோபர் 30-ஆம் தேதி அவரே தீர்ப்பு எழுதினார்: ஒரு வருடம் பணியில்லாமல் பாதிச் சம்பளம், அதன் பிறகு கட்டாய ஓய்வு.

இதில் ஒரு வேடிக்கை. எல்லை தாண்டி வந்துவிட்டவர்களை போர்ச்சுகல் திருப்பி அனுப்பவில்லை. ஃபிகெய்ரா ட ஃபோஸ், கல்தாஸ் ட ரெய்ன்யா போன்ற ஊர்களில் தங்கவைத்தது. உள்ளூர் மக்கள் சோறு போட்டார்கள். அகதிகளுக்கு அடைக்கலம் தந்த நாடு என்று உலகப் பத்திரிகைகள் பாராட்டின. பாராட்டை அரசு வாங்கிக்கொண்டது, தண்டனையை கான்சலுக்குக் கொடுத்தது.

கடைசிக் காலம் எப்படி இருந்தது?

மோசம். 1945-இல் பக்கவாதம் வந்தது. 1948-இல் ஆஞ்சலினா இறந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக அமெரிக்கா, கனடா என்று வெளியேறினார்கள். கலிஃபோர்னியாவில் பிறந்த இரண்டு மகன்கள் அமெரிக்கப் படையில் சேர்ந்து நார்மண்டித் தரையிறக்கத்தில் பங்கேற்றார்கள். லிஸ்பனில் யூதச் சமூகம் நடத்திய அகதிகள் உணவுக்கூடத்தில் குடும்பத்தோடு சாப்பிட்டு வந்தார். இது அகதிகளுக்கான இடம் என்று ஒருவர் சொன்னபோது, நாங்களும் அகதிகள்தான் என்றாராம்.

அரசு ஒரு காசு கொடுக்கவில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி கடைசிவரை வந்துகொண்டிருந்தது என்று சில வரலாற்றாசிரியர்கள் காட்டுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பெரிய குடும்பம், பெரிய வீடு, பழைய கடன், தடைப்பட்ட வருமானம் எல்லாம் சேர்ந்து ஆளைச் சாய்த்தன என்பதே பொருத்தம். 1954 ஏப்ரல் 3-ஆம் தேதி லிஸ்பனில் பிரான்சிஸ்கன் சபை மருத்துவமனையில் இறந்தார். துறவிகளின் அங்கியைப் போர்த்தி அடக்கம் செய்தார்கள்.

சொந்த வாழ்க்கையில் குறைகள் இருந்தன என்கிறார்களே?

இருந்தன. போர்தோவில் அந்த்ரே என்ற பிரெஞ்சுப் பெண்ணோடு அவருக்கு உறவு இருந்தது. ஊரே பேசிக்கொண்டிருந்த அதே 1940-இல் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. ஆஞ்சலினா இறந்த பிறகு 1949-இல் அந்த்ரேயை மணந்தார்; பிள்ளைகளுக்கு இதில் கசப்பு. இதைச் சொன்னால் புனிதர் பிம்பம் போய்விடும் என்று சில பக்கங்கள் விட்டுவிடுகின்றன. போனால் போகட்டும். ஆஞ்சலினாவுக்குச் செய்தது அநியாயம்தான். அதனால் விசா வாங்கித் தப்பியவர்களில் ஒருவர்கூடக் குறையப்போவதில்லை.

எப்போது மரியாதை திரும்பக் கிடைத்தது?

முதலில் வெளிநாட்டிலிருந்து. பிள்ளைகள், குறிப்பாக மகள் ஜொவானா, எழுதி எழுதி ஓயவில்லை. 1966-இல் யாத் வஷேம் 'உலக நாடுகளின் நீதிமான்' என்ற பட்டம் தந்தது. போர்ச்சுகலில் சர்வாதிகாரம் 1974 ஏப்ரலில் கவிழ்ந்தது. உடனே எல்லாம் சரியாகவில்லை. 1976-இல் அவருக்குச் சாதகமாக எழுதப்பட்ட உள் அறிக்கையை வெளியுறவு அமைச்சகம் கிடப்பில் போட்டது. 1980-களின் பின்பாதியில் அதிபர் மாரியோ சொவாரெஸ் காலத்தில் விருது வந்தது. 1988-இல் நாடாளுமன்றம் ஒருமனதாகக் குற்றச்சாட்டை நீக்கிப் பணியில் மீண்டும் சேர்த்தது. இறந்து 34 ஆண்டு கழித்து! 2021 அக்டோபரில் லிஸ்பன் தேசிய நினைவாலயத்தில் அவருக்கு நினைவுக்கல் வைத்தார்கள். உடல் சொந்த ஊரிலேயே இருக்கிறது.

ஜப்பானின் சுகிஹாராவும் இதைத்தானே செய்தார்?

ஆமாம், சில வாரம் கழித்து. ஜப்பான் கான்சலாக இருந்த அவர், 1940 ஜூலை, ஆகஸ்டில் லிதுவேனியாவின் கௌனாஸ் நகரில் 2,000-க்கு மேற்பட்ட விசாக்கள் எழுதினார். அவருக்கு வசதியாக, அதே ஊரில் ஹாலந்து கான்சல் யான் ஸ்வார்ட்டென்டைக், கரீபியக் கடலில் ஹாலந்தின் கையிலிருந்த கியூரசாவ் தீவுக்குப் போக விசா தேவையில்லை என்று பாஸ்போர்ட்டுகளில் எழுதிக் கொடுத்தார்; 'எந்த நாட்டுக்குப் போகிறாய்' என்ற கேள்விக்கு அது பதிலானது. சுகிஹாரா பெயர் பரவிய அளவுக்கு ஸ்வார்ட்டென்டைக் பெயர் பரவவில்லை. அடுத்து யாரைப் பற்றிப் படிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது அவரைத்தான்.

இப்போது போய்ப் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

கபனாஸ் டி விரியாத்துவில் அவருடைய வீடு, 'கசா டோ பசால்', கடனில் கைவிட்டுப்போய்ப் பல பத்தாண்டுகள் இடிந்து கிடந்தது. பழுதுபார்த்து, 2024 ஜூலை 19-ஆம் தேதி அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள். போர்தோவின் விசா பதிவேடு 2017-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் சேர்ந்தது. அகதிகள் ரயிலில் வந்து இறங்கிய எல்லை ஊர் விலார் ஃபொர்மோசோ. அதன் ரயில் நிலையத்துக் கிடங்குகளில் அவர்கள் வரவைச் சொல்லும் ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. நிலையத்துச் சுவர்களில் நீல நிற ஓடுகள் பதித்த ஓவியங்களும் உண்டு. கார் இருந்தால் வீட்டையும் இதையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.